பார்வையாளர் தொப்பி

எங்கள் பிஸ்கட் கம்பெனியில் எனக்கு வைத்திருக்கிற பட்டப்பெயர் 'கஸ்டம்ஸ்'. உற்பத்திக் கூடத்துக்குள் போகிற யாரானாலும் என் ஜன்னலைத் தாண்டித்தான் போக வேண்டும். மோதிரம், கம்மல், கைக்கடிகாரம், ஹேர்பின், சட்டைப் பையில் இருக்கிற பேனா, எல்லாவற்றையும் கழற்றி லாக்கரில் பூட்டிவிட்டு, நான் கொடுக்கிற வெள்ளைக் கோட்டையும் முகமூடியையும் வலைத்தொப்பியையும் மாட்டிக்கொண்டு, கையைக் கழுவி என்னிடம் காட்டிவிட்டுத்தான் உள்ளே காலடி வைக்கலாம். "இருபது வருஷமா கழட்டாத மோதிரம்க்கா" என்று கண்ணைக் கசக்குவார்கள். "அப்ப இருபது வருஷ அழுக்கும் அதுக்கடியில இருக்கும். கழட்டு" என்பேன். கழலவில்லையென்றால் சோப்பு நுரை போட்டு நானே திருகி எடுத்திருக்கிறேன். எனக்கு முன்னால் அந்த ஜன்னலில் இருந்தவள் ஒரு ஹேர்பின்னைக் கோட்டை விட்டாள். அது பாக்கெட்டுக்குள் போய், யாரோ ஒரு வீட்டில் ஒரு குழந்தையின் வாய் வரைக்கும் போய்விட்டது. அன்றே அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, இருக்கிறவர்களிலேயே வாய் நீளமானவள் யார் என்று தேடி என்னைப் போட்டார்கள். இந்த ஏழு வருஷத்தில் என் ஜன்னலைத் தாண்டி ஒரு குண்டூசி உள்ளே போனதில்லை. பெருமையாகத்தான் சொல்கிறேன், சொல்லிக்கொள்ள எனக்கு வேறு எதுவும் மிச்சமில்லை.

தொப்பி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். கோட்டும் முகமூடியும் மாட்டிவிட்டால் ஆளில் கண் மட்டும்தான் வெளியே தெரியும். பெற்ற தாய்க்கே பிள்ளையை அடையாளம் தெரியாது. அதனால் ஆளைத் தொப்பியை வைத்துத்தான் பார்ப்போம். தொழிலாளிக்கு வெள்ளை, சூப்பர்வைசருக்கு நீலம், மெக்கானிக்குக்கு ஆரஞ்சு, வெளியிலிருந்து பார்க்க வருகிறவர்களுக்குப் பச்சை. நாலு பெட்டியும் என் ஜன்னலுக்குக் கீழே இருக்கும்.

என் வீட்டுக்காரருக்கு ஒரே தங்கை. இருபத்தேழு வயதாகியும் வீட்டில் அவளுக்குப் பெயர் குட்டிதான். அப்பா அம்மா போனபிறகு எங்களோடுதான் இருக்கிறாள். அவளுக்கு வலிப்பு உண்டு. வலிப்பு என்றதும் எல்லோரும் கீழே விழுந்து கை காலை உதறுவதைத்தான் நினைக்கிறார்கள். இவளுக்கு அப்படி வராது. நின்ற இடத்தில் நின்றுவிடுவாள். கண் திறந்தே இருக்கும், ஆனால் உள்ளே ஆள் இருக்காது. வாய் எதையோ மெல்லுகிற மாதிரி அசையும், விரல்கள் எது கைக்குக் கிடைத்தாலும் அதைக் கிள்ளும். சில சமயம் அப்படியே நடக்கவும் செய்வாள், ஏதோ வேலையாகப் போகிறவள் மாதிரி நேராகப் போவாள். இரண்டு நிமிஷத்தில் திரும்பி வந்துவிடுவாள். வந்ததும், "என்ன அண்ணி, எல்லாரும் என்னையே பார்க்கறீங்க?" என்பாள். நடந்தது ஒன்றும் அவளுக்குத் தெரியாது.

இந்த இரண்டு நிமிஷம் அவளை இரண்டு வேலையிலிருந்து துரத்தியது. துணிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தபோது வரிசையில் நின்றவர் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் அவரையே வெறித்துப் பார்த்தாளாம். திமிர் என்று அனுப்பினார்கள். மருந்துக் கடையில் போதை மாத்திரை போடுகிறாள் என்று அனுப்பினார்கள். காலை வெட்டி எடுத்திருந்தால்கூட அந்த மருந்துக் கடைக்காரர் ஒரு ஸ்டூல் கொடுத்திருப்பார். ஆள் பார்க்க லட்சணமாக, நன்றாக இருந்துவிட்டாள், அதுதான் அவள் செய்த தப்பு.

ஆஸ்பத்திரியில் அவளுக்கு ஓர் ஊதா நாடா கொடுத்தார்கள். கழுத்தில் மாட்டிக்கொள்வது. அதில் தொங்கிய அட்டையில் ஒரு கையை இன்னொரு கை பிடித்திருக்கிற படம். கீழே, 'வெளியில் தெரியாத குறைபாடு உள்ளவர். பொறுமையும் உதவியும் தேவை' என்று எழுதியிருந்தது. பின்பக்கத்தில் என்ன செய்ய வேண்டும் என்று நாலு வரி, என் போன் நம்பர். இதை மாட்டிக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் போனால் எந்த பஸ் எப்போது கிளம்பும் என்று அவளிடம் வந்து கேட்டார்கள். ஒரு பெரியவர் பஸ் தாமதமானதற்கு அவளை நிற்கவைத்துப் பத்து நிமிஷம் வாங்கு வாங்கென்று வாங்கியிருக்கிறார்.

"நீ சொல்ல வேண்டியதுதானே, நான் ஆபீஸ் ஆள் இல்லன்னு?"

"பாவம் அண்ணி, யாரையாவது திட்டணும் போல இருந்தது அவருக்கு. திட்டி முடிக்கட்டும்னு விட்டுட்டேன்."

ஆனால் ஒரு நாள் அந்த அட்டை வேலை செய்தது. சிக்னலில் ரோட்டைக் கடக்கப் போனவள் பாதியில் போய்விட்டாள். போய்விட்டாள் என்றால், எங்கள் வீட்டு வழக்கில், அந்த இரண்டு நிமிஷம். ஓரத்தில் செருப்புக் கடை வைத்திருந்தவர் ஓடிவந்து, அட்டையைத் திருப்பிப் படித்துவிட்டு, அவள் சட்டைக் கையைப் பிடித்து மெதுவாக நடைபாதைக்குக் கூட்டிவந்து, திரும்பி வரும்வரை பக்கத்தில் நின்றிருக்கிறார். கேள்வி எதுவும் கேட்கவில்லை. "உக்காருறியாம்மா?" என்று மட்டும் கேட்டாராம். அன்று முழுக்க வீட்டில் இதே பேச்சு. அதற்குப்பின் குளிக்கும்போது தவிர அவள் அந்த நாடாவைக் கழற்றியதே இல்லை.

நான்தான் கழற்றினேன். எங்கள் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் சூப்பர்வைசரிடம் சொல்லி அவளைச் சேர்த்தேன். விண்ணப்பத்தில் 'நீண்டகால நோய் ஏதும் உண்டா?' என்று ஒரு கேள்வி இருந்தது. குட்டி பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். பேனாவை வாங்கி 'இல்லை' என்ற கட்டத்தில் நானே டிக் போட்டேன். உண்டு என்று போட்டிருந்தால் அந்தத் தாள் குப்பைக் கூடையைத் தாண்டியிருக்காது. முதல் நாள் காலை ஜன்னலில் வந்து நின்றாள்.

"நாடாவைக் கழட்டு."

"அண்ணி, உள்ளதானே எட்டு மணி நேரம் நிக்கப் போறேன். வெளிய மாட்டிக்கிட்டு உள்ள கழட்டினா எப்படி?"

"கழுத்துல தொங்கறது, பிஸ்கட் ஓடற பெல்ட்டுல சிக்குச்சுன்னா ஆளையே இழுத்துட்டுப் போயிடும். இங்க எல்லாருக்கும் ஒரே சட்டம்."

நான் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. அவளும் மறுபேச்சுப் பேசாமல் கழற்றிக் கொடுத்தாள்.

அவளைப் பொறுக்கும் மேசையில் போட்டார்கள். அடுப்பிலிருந்து வெளியே வருகிற பிஸ்கட்டில் உடைந்தது, கருகியது, கோணல்மாணலாக இருப்பது எல்லாவற்றையும் பெல்ட்டிலிருந்து பொறுக்கி எடுக்கிற வேலை. கை வேகம் அவளுக்கு. மூன்றாவது வாரமே பக்கத்து மேசைக்காரி அவளைப் பார்த்துப் பொறாமைப்பட ஆரம்பித்துவிட்டாள். அதே மூன்றாவது வாரம்தான் மேசையில் நின்றபடியே போய்விட்டாள். கருகின பிஸ்கட்டெல்லாம் அவளைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. பொறாமைப்பட்ட அதே பக்கத்து மேசைக்காரி பயந்துபோய்ச் சிவப்பு பட்டனை அழுத்தி பெல்ட்டை நிறுத்திவிட்டாள்.

சூப்பர்வைசர் வியர்த்து விறுவிறுத்து என் ஜன்னலுக்கு வந்தார். நல்ல மனுஷன்தான், ஆனால் தனக்கு மேலே இருக்கிற நாற்காலி காலியாக இருந்தால்கூட அதற்கும் பயப்படுகிறவர்.

"என்னம்மா இது, இவ்வளவு பெரிய விஷயத்தை மறைச்சிருக்கீங்க. நான் மேல சொல்லியாகணும்."

"சொல்லுங்க. நாளைக்கே அவளை அனுப்பிடுவாங்க. போன மாசம் நீங்க கல் மோதிரத்தைப் பையில வெச்சுக்கிட்டு உள்ள போகப் பார்த்ததை நானும் மேல சொல்றேன்."

"அதுக்கும் இதுக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"ஒரு சம்பந்தமும் இல்ல சார். ஆனா சொல்வேன்."

என் வாய்க்கு அன்றைக்கு நல்ல வேலை இருந்தது. கடைசியில் அவர் இறங்கிவந்தார். ஆனால் உள்ளே யார் யார் என்று அடையாளம் தெரியாதே, ஷிஃப்ட்டுக்கு ஷிஃப்ட் பக்கத்தில் நிற்கிற ஆளும் மாறுமே, இவளுக்கு வந்தால் யார் பிடிப்பார்கள் என்று கேட்டார். நியாயமான கேள்விதான். நாடாவைப் போட முடியாது, பின் குத்த முடியாது, கோட்டில் ஸ்டிக்கர் ஒட்டினால் அது மாவில் விழும். யோசித்துப் பார்த்ததில் உள்ளே அனுமதிக்கிற ஒரே அடையாளம் என் ஜன்னலுக்கு அடியிலேயே இருந்தது. பச்சைத் தொப்பி ஒன்றை எடுத்து மேலே வைத்தேன்.

"இது பார்வையாளருக்குன்னு வெச்சிருக்கறது" என்றார்.

"நம்ம கம்பெனியை யார் சார் பார்க்க வர்றாங்க? வருஷத்துக்கு ஒரு தடவை சுகாதார ஆய்வாளர் வர்றார். அவரும் ஆபீஸ்லயே டீ குடிச்சிட்டு, கையெழுத்துப் போட்டுட்டுப் போயிடுறார்."

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "என்னமோ பண்ணுங்க. நான் எதையும் பார்க்கல, நீங்க எதுவும் என்கிட்ட சொல்லல" என்று போய்விட்டார்.

அன்று சாப்பாட்டு அறையில் பெஞ்சில் ஏறி நின்று எல்லோருக்கும் சொன்னேன். பச்சைத் தொப்பிக்காரி சும்மா நிற்கிறாள், இல்லையென்றால் எங்கேயோ போகிறாள் என்று தெரிந்தால், பின்னாலிருந்து இரண்டு தோளையும் பிடித்துச் சுவரோரம் கூட்டிப் போக வேண்டும், கத்தக்கூடாது, உலுக்கக்கூடாது, இரண்டு நிமிஷம் பக்கத்தில் நிற்க வேண்டும், ஆபீஸ் காதுக்குப் போகக்கூடாது. மாவு பிசைகிற பகுதியிலிருந்து பேக்கிங் வரைக்கும் அத்தனை பேரும் கேட்டுக்கொண்டார்கள். ஒருத்தர்கூட முகம் சுளிக்கவில்லை. வேலை செய்கிற ஜனங்களைப் பற்றி ஆயிரம் குறை சொல்கிறவள்தான் நான், ஆனால் அன்றைக்கு ஒரு குறையும் சொல்லத் தோன்றவில்லை.

ஐந்து மாதம் அப்படியே ஓடியது. அதற்குள் நாலு தடவை அவளுக்கு வந்தது. நாலு தடவையும் யாரோ ஒருவர் தோளைப் பிடித்தார்கள். காதும் காதும் வைத்தாற்போல் முடிந்தது. அவளுக்கு 'விருந்தாளி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். "விருந்தாளி வந்தாச்சா? உக்காருங்க, என்ன சாப்பிடறீங்க?" என்று தினமும் கிண்டல். அவளுக்கு அந்தப் பெயர் பிடித்திருந்தது. அண்ணனுக்கு ஒரு சட்டை வாங்கிக் கொடுத்தாள், எனக்கு ஒரு கைப்பை. அண்ணன் அந்தச் சட்டையைத் துவைக்கப் போடாமலே நாலு நாள் போட்டுக்கொண்டு திரிந்தார். ராத்திரிச் சாப்பாட்டின்போது பெல்ட்டைப் பற்றியும் அடுப்பைப் பற்றியும் அவள் பேசுகிற பேச்சைக் கேட்டால் கம்பெனியையே அவள்தான் நடத்துகிறாள் என்று தோன்றும்.

அப்புறம் ஒரு பெரிய கடைக்காரர்களின் குழு வருவதாகச் சொன்னார்கள். ஊர் ஊராகக் கடை வைத்திருக்கிறவர்கள். அவர்கள் பெயர் போட்ட பிஸ்கட்டை நம் கம்பெனியில் செய்யலாமா என்று பார்க்க வருகிறார்கள். மேனேஜர் மூன்று நாள் தூங்கவில்லை. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். காலை ஷிஃப்ட் ஆரம்பிக்கும்போது சூப்பர்வைசர் எல்லோரையும் நிற்கவைத்து ஒரு தாளைப் படித்தார். பார்வையாளர்கள் பக்கத்தில் வந்தால் இரண்டு அடி பின்னால் தள்ளி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அவர்களாகக் கேட்டால் மட்டும் பதில் சொல்ல வேண்டும். எக்காரணம் கொண்டும் அவர்கள் மேல் கை படக்கூடாது. எல்லோரும் தலையாட்டினார்கள். ஜன்னலுக்குள் நின்றபடி நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அதற்கு அரை மணி நேரம் முன்னால் குட்டி வழக்கம்போல நாடாவைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் பச்சைத் தொப்பியை வாங்கிக்கொண்டாள்.

"இன்னிக்கு நிஜ விருந்தாளிங்க வர்றாங்களாமே. எனக்கும் சேர்த்து டீ குடுப்பாங்களா அண்ணி?"

நான் சிரித்தேன். "மேனேஜர் பக்கத்துல போய் உக்காரு, குடுப்பார்" என்றேன். அவளே வாயைத் திறந்து சொன்னாள். என் காதில் விழுந்தது, சிரித்தேன். அதற்குமேல் என் மூளை ஓர் அங்குலம் நகரவில்லை. இதை நினைக்காத நாள் இல்லை.

பத்து மணிக்கு வந்தார்கள். பதினெட்டுப் பேர். அன்றைக்கு எனக்குத் தலைக்கு மேல் வேலை. ஓர் அம்மாள் கல் பதித்த பின்னைக் கழற்ற மாட்டேன் என்றாள், கழற்ற வைத்தேன். அவர்களில் பெரியவர் கைக்கடிகாரத்தைக் கோட்டுக் கைக்குள் மறைத்துக்கொண்டு போகப் பார்த்தார். "சார், உங்க கடையில விக்கப் போற பிஸ்கட்தான்" என்று சொல்லிக் கையை நீட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே கழற்றிக் கொடுத்து, மேனேஜரிடம், "இந்தம்மா இருக்கற வரைக்கும் எங்களுக்குக் கவலையில்ல" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. பதினெட்டுப் பேருக்கும் வெள்ளைக் கோட்டு, முகமூடி, பச்சைத் தொப்பி எல்லாம் என் கையாலேயே எடுத்துக் கொடுத்தேன். அவர்கள் வரிசையாக உள்ளே போவதைக் கழுத்தை நீட்டிப் பார்த்தேன். ஒரே பச்சையாக இருந்தது. அப்போதும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

கூடத்துக்குள் நடந்ததை நான் பார்க்கவில்லை. மாவு உருளையில் வேலை செய்கிறவர் பிற்பாடு என்னிடம் சொன்னதுதான். மாவை அழுத்தித் தகடாக ஆக்குகிற இரட்டை உருளை அது. முன்னால் எப்போதும் கம்பி வலை மூடியிருக்கும். அன்றைக்கு விருந்தாளிகளுக்கு மாவு இறங்குவது நன்றாகத் தெரிய வேண்டும் என்று வலையைத் தூக்கிவைக்கச் சொல்லியிருந்தார் மேனேஜர். பச்சைத் தொப்பிகள் கூடம் முழுக்க அங்கே இரண்டு இங்கே மூன்றாக நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். நிற்பதும், முறைத்துப் பார்ப்பதும், மெல்ல நடப்பதுமாக இருந்தார்கள். அதில் ஒரு பச்சைத் தொப்பி பொறுக்கும் மேசைப் பக்கத்திலிருந்து தனியாக நடந்து வந்தது. யாரும் குறுக்கே போகவில்லை, எல்லோரும் மரியாதையாக வழிவிட்டார்கள். உருளைக்காரர் முன்னால் வந்து நின்றது. அவர், காலையில் படித்துச் சொன்னபடியே, இரண்டு அடி பின்னால் தள்ளி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"மாவையே பார்த்துக்கிட்டு நின்னாங்கக்கா. அப்புறம் கையை நீட்டினாங்க. தொட்டுப் பார்க்க ஆசைப்படறாங்க, பெரிய இடத்து ஆள், தடுத்தா தப்பாயிடுமோன்னு நினைச்சேன். தொடக்கூடாதுன்னு படிச்சாங்களேக்கா. அப்புறம்தான் விரல் மாவைக் கிள்ளிக் கிள்ளி எடுக்கறதைப் பார்த்தேன். நம்ம குட்டின்னு தெரிஞ்சு நான் கட்டின கையைப் பிரிக்கறதுக்குள்ள..."

அவர் என் முன்னால் தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

ஜன்னலில் இருந்த எனக்கு முதலில் தெரிந்தது சத்தம் நின்றதுதான். ஏழு வருஷமாகக் காதில் இரைந்துகொண்டிருந்த கூடம் ஒரே அடியாக நின்றுபோயிற்று. நான் கோட்டு மாட்டவில்லை, கை கழுவவில்லை, காதில் கம்மலோடு, தலையில் ஹேர்பின்னோடு உள்ளே ஓடினேன். தரையில் உட்கார்த்தி வைத்திருந்தார்கள். அவள் அப்போதுதான் திரும்பி வந்திருந்தாள் போல. கையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். "என்ன அண்ணி, பெல்ட்டை ஏன் நிறுத்திட்டாங்க?" என்றாள்.

வலது கையில் கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது.

மூன்று வாரம் கழித்து விசாரணை என்று கூப்பிட்டார்கள். அதற்கு முன் எத்தனையோ தடவை மனசுக்குள் ஒத்திகை பார்த்துவிட்டேன். டிக் போட்டது நான், தொப்பி கொடுத்தது நான், தெரிந்தே கண்ணை மூடிக்கொண்டது சூப்பர்வைசர், வலையைத் தூக்கச் சொன்னது மேனேஜர். வலை மட்டும் மூடியிருந்தால் அவள் கம்பியைக் கிள்ளிவிட்டுத் திரும்பி வந்திருப்பாள். எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிடுவது, என் வேலை போனாலும் போகட்டும், அவளுக்குச் சேர வேண்டியதைக் கம்பெனி கொடுத்தே ஆக வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டுதான் போனேன். இத்தனை வாய் பேசினவளுக்கு அந்த ஒரு நாள் பேசுவதா கஷ்டம் என்று நினைத்தேன்.

சின்ன அறை. மேனேஜர், சூப்பர்வைசர், தட்டச்சு செய்ய ஒரு பெண், இந்தப் பக்கம் நானும் கட்டுப் போட்ட கையோடு குட்டியும். மேனேஜர் முதலில் விண்ணப்பத்தை எடுத்துக் காட்டினார்.

"நோய் இல்லன்னு போட்டிருக்கீங்க."

"நான்தான் சார் போட்டேன்" என்றாள் குட்டி, நான் வாயைத் திறப்பதற்கு முன்பே.

மேனேஜர் சூப்பர்வைசர் பக்கம் திரும்பினார். "உங்களுக்குத் தெரியுமா?"

"எனக்கு எதுவும் தெரியாது சார். என்கிட்ட யாரும் சொல்லல." அவர் என் பக்கம் பார்க்கவேயில்லை. அழகாகக் கை கழுவிவிட்டார்.

அப்புறம் மேனேஜர் என்னைப் பார்த்தார். குரலை உயர்த்தவில்லை.

"தொப்பி உங்க பொறுப்பு. தொழிலாளிக்குப் பார்வையாளர் தொப்பியை நீங்க குடுத்திருந்தா, அதனாலதான் இது நடந்ததுன்னு ஆகுது. இன்னைக்கே உங்களை நிறுத்தணும். போலீஸ்லயும் எழுதிக் குடுக்க வேண்டி வரும். சொல்லுங்க. நீங்க குடுத்தீங்களா?"

ஒத்திகை பார்த்ததெல்லாம் தொண்டை வரைக்கும் வந்து நின்றது. வலையைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். வாயைத் திறந்தேன். போலீஸ் என்ற வார்த்தையைத் தாண்ட முடியவில்லை. தட்டச்சுக்காரி விரலை எழுத்துகள் மேல் வைத்தபடி காத்திருந்தாள்.

"அண்ணிக்குத் தெரியாது சார்" என்றாள் குட்டி. "பெட்டியிலேர்ந்து நானே எடுத்துப் போட்டுக்கிட்டேன். தினமும்."

மேனேஜர் என் முகத்தைப் பார்த்தார். ஒரு ஹேர்பின்னைக்கூட விடாத ஜன்னலில், ஐந்து மாதம் ஒருத்தி பச்சைத் தொப்பியைத் திருடிப் போட்டுக்கொண்டு போனாள் என்பதை அவர் நம்பவில்லை. அது முகத்திலேயே தெரிந்தது. ஆனால் அவருக்கு வேண்டியதும் அதுதான்.

"அப்படியா?" என்று என்னைக் கேட்டார்.

"ஆமா சார்" என்றேன்.

தட்டச்சுக்காரி அதை அடித்தாள். நோயை மறைத்தது, விதியை மீறித் தொப்பி எடுத்தது என்று இரண்டு காரணம் எழுதி, வேலையிலிருந்து நீக்கி, கம்பெனிக்கு இதில் பொறுப்பு எதுவும் இல்லை என்று முடித்தார்கள். வலை என்ற வார்த்தையே அந்தத் தாளில் இல்லை. கீழே கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் குட்டியின் இடது கட்டைவிரலில் மை தடவி உருட்டினார்கள். மணிமணியாகக் கையெழுத்துப் போடுகிற பெண் அவள். நானும் சாட்சி என்று கையெழுத்துப் போட்டேன். எழுத்து கோணாமல் விழுந்தது, எனக்கே அது அசிங்கமாக இருந்தது.

பஸ்ஸில் கூட்டம். குட்டியின் கழுத்தில் ஊதா நாடா தொங்கியது. அதை யாரும் படிக்கவில்லை. கையில் இருந்த கட்டைப் பார்த்ததும் மூன்று பேர் ஒரே நேரத்தில் எழுந்து இடம் கொடுத்தார்கள். "பார்த்தீங்களா அண்ணி" என்று அவள் சிரித்தாள். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"ஏண்டி அப்படிச் சொன்ன? நான் சொல்லியிருப்பேன்டி."

"எனக்குத் தெரியும் அண்ணி" என்றாள். அவள் எதைத் தெரியும் என்றாள் என்று நான் கேட்கவில்லை. அவளே, "ரெண்டு பேரும் வீட்டுல உக்கார முடியுமா? அண்ணன் ஒருத்தர் வேன் ஓட்டி எத்தனை பேரைப் பார்ப்பார்? அவர்கிட்டயும் இதையே சொல்லிடுவோம். தெரிஞ்சா உங்களை ஒரு நாளும் மன்னிக்க மாட்டார். நீங்க மாத்திச் சொல்லிடாதீங்க" என்றாள்.

நான் மாற்றிச் சொல்வேன் என்றுதான் வீட்டுக்குள் நுழைந்தேன். அவர் வேலைக்குப் போகாமல் எங்களுக்காகக் காத்திருந்தார். தங்கை வாங்கிக் கொடுத்த சட்டையைத்தான் போட்டிருந்தார். குட்டி நின்றபடியே சொல்லி முடித்தாள். பெட்டியிலிருந்து தானே எடுத்ததாக, அண்ணிக்குத் தெரியாமல் தினமும் எடுத்ததாக. அவர் கேட்டுக்கொண்டே இருந்தார், முகம் சிவந்துகொண்டே வந்தது. தங்கையை இதுவரை அதட்டிக்கூடப் பேசாத மனுஷன்.

"யாரைக் கேட்டு எடுத்த? அறிவிருக்கா உனக்கு? எல்லாம் உன் விளையாட்டுப் புத்தி. உன் கையையும் கெடுத்துக்கிட்டு, உன்னை நம்பி வேலை வாங்கிக் குடுத்தவ வேலைக்கும் உலை வெக்கப் பார்த்திருக்க. ஏழு வருஷம்டி, ஒரு கெட்ட பேர் வாங்காதவ. முதல்ல அவகிட்ட மன்னிப்புக் கேளு."

குட்டி என்னைப் பார்த்தாள். கண்ணாலேயே 'வேண்டாம்' என்றாள். நான் சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இப்போது சொல், இப்போதாவது சொல் என்று என்னை நானே பிடித்துத் தள்ளிப் பார்த்தேன்.

"மன்னிச்சிடுங்க அண்ணி" என்றாள்.

"சரி, விடு" என்றேன்.

"பாரு, வேற யாராவதா இருந்தா உன்னை வீட்டுக்குள்ளயே விட்டிருக்க மாட்டாங்க" என்றார் அவர்.